பேமெண்ட் கணக்கு முடங்கினால்: டர்பனிலிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்கள் கவனத்துக்கு

நவராத்திரி, தீபாவளி ஆர்டர்கள் ஆரம்பிப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நம் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே ஊறுகாய், மசாலா, தையல், மணி வேலை என்று வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். எனக்கு நடந்தது அவர்களில் யாருக்கும் நடக்கக் கூடாது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பரதநாட்டிய உடை தைக்கிறேன். இங்குள்ள டான்ஸ் டீச்சர்கள் மூலமாக வரும் வேலை ஒரு பக்கம். லண்டன், பெர்த், டொரன்டோ என்று குடிபோன நம் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்குவது இன்னொரு பக்கம். அவர்களிடம் பணம் வாங்கத்தான் ஒரு வெளிநாட்டு பேமெண்ட் கம்பெனியில் கணக்கு வைத்திருக்கிறேன். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த நடைமுறை பல கம்பெனிகளில் இருக்கிறது, பெயரைச் சொன்னால் மற்றவை பத்திரம் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரு வெளிநாட்டு நடனப் பள்ளி குழு நடனத்துக்காக மொத்தமாக ஆர்டர் கொடுத்து முன்பணமும் அனுப்பியது. சந்தோஷமாகத் துணி வெட்ட உட்கார்ந்தேன். உடனே செய்தி வந்தது: கணக்கு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பணத்தை பேங்குக்கு மாற்ற முடியவில்லை. சென்னையில் ஜரிகை அனுப்புபவருக்குக் கொடுக்கவும் முடியவில்லை. ஆனால் உள்ளே வரும் பணத்தை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை! மற்ற வாடிக்கையாளர்கள் கட்டியதும் அதே பூட்டுக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. எனவே இப்படிச் செய்தி வந்தால் முதல் வேலையாக உங்கள் ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் பணம் கட்டும் லிங்கை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு விஷயம்: கணக்கு முடங்கியதாக வரும் ஈமெயில்களில் போலி நிறைய. அதிலுள்ள லிங்கைத் தொடாமல், நீங்களே தனியாக லாகின் செய்து பாருங்கள்.

ஏன் முடக்குகிறார்கள்? வழக்கத்தைவிடத் திடீரென்று பெரிய தொகை வந்தால் அவர்களுடைய சிஸ்டத்துக்குச் சந்தேகம் வரும். பொருள் அனுப்பும் முன்பே பணம் வாங்குவது, ஐடியில் ஒரு பெயரும் கடைக்கு ஒரு பெயரும் இருப்பது, இவையும் சந்தேகத்தைக் கூட்டும். வாங்கியவர் பொருள் வரவில்லை என்று புகார் செய்தால் கம்பெனிதான் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். என் கம்பெனியில் வாங்கியவர் புகார் செய்ய 180 நாள் வரை அவகாசம் உண்டு. அதனால் நம் பணத்தையும் 180 நாள் வரை பிடித்து வைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. காரணம் புரிகிறது. நடத்திய விதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐடி, மூன்று மாதத்துக்குட்பட்ட முகவரிச் சான்று, துணி வாங்கிய பில், கூரியர் டிராக்கிங் நம்பர் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு முனிசிபாலிட்டி பில் மாமியார் பெயரில் வருகிறது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் நம் குடும்பங்களில் இது சாதாரணம். உள்ளூர் பேங்க், வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்வதற்கான ஃபீக்கா சட்டப்படி முகவரி கேட்கும்போது, வீட்டின் சொந்தக்காரர் ஒரு அஃபிடவிட் எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. அப்படியே மாமியாரை அழைத்துக்கொண்டு போய் வாங்கி அனுப்பினேன். நிராகரித்தார்கள். துணி பில்லும் அப்படித்தான். பெயர் மாறி டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆனாலும் நமக்கெல்லாம் அது கிரே ஸ்ட்ரீட்தான். அங்கே பல வருடப் பழக்கமுள்ள கடையில் கையால் எழுதிக் கொடுத்த பில். அதுவும் செல்லாது என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே வேறு பெயர், மேலே அதே வாசகம். எது குறை என்று கேட்டால் பதிலே இல்லை. பிள்ளைகளுக்கு உடை போய்ச் சேர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே ஒரு மனிதரிடம் பேச வழியில்லை. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை.

கடைசியில் எடுபட்டவை இவை. பேங்கிலேயே என் பெயரும் முகவரியும் போட்டு முத்திரை வைத்த ஸ்டேட்மென்ட். துணிக்கடையில் கேட்டு வாங்கிய அச்சடித்த வரி பில், அதில் கடையின் வாட் நம்பர், என் பெயர், தேதி எல்லாம் இருந்தன. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து தெரியும் கூரியர் பதிவு. இவற்றை ஆர்டர் வாரியாக அடுக்கி ஒரே பிடிஎஃப் ஆக அனுப்பினேன். கணக்கு முடங்கிக் கிடந்தபோதே சீட்டுப் பணத்தை எடுத்து ஜரிகை வாங்கி, உடைகளைத் தைத்து அனுப்பிவிட்டேன். பொருள் போகாவிட்டால் வாங்கியவர்கள் புகார் கொடுப்பார்கள், பணம் இன்னும் இறுகும். அந்த நடனப் பள்ளி உடைகள் வந்து சேர்ந்ததாக எழுதிக் கொடுத்தது பெரிய உதவி. கணவர் பெயரில் இன்னொரு கணக்கு திறக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். அதே முகவரி, அதே போன் என்று பார்த்து அதையும் சேர்த்து முடக்கிவிடுவார்கள்.

இனிதான் முக்கியமான எச்சரிக்கை. என் பிரச்சினையைச் சிறு வியாபாரிகள் குழு ஒன்றில் எழுதியிருந்தேன். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். கம்பெனியின் லோகோதான் அவர் படம். “அக்கா, உங்க கேஸ் என்கிட்டதான் இருக்கு, இன்னைக்கே திறந்து தர்றேன்” என்று தமிழில் பேசினார். திறக்கக் கட்டணம் என்று ஒரு தொகை, ஐடியின் இரு பக்கப் படம், அப்புறம் என் போன் திரையை அவர் பார்ப்பதற்கு ஒரு ஆப், இவ்வளவும் கேட்டார். நான் பிளாக் செய்தேன். பக்கத்துத் தெருவில் ஊறுகாய் விற்கும் ஒரு அக்காவிடம் இதே பேச்சு பலித்துவிட்டது. அவர் கட்டணமும் கட்டி, போனுக்கு வந்த ஓடிபியையும் சொல்லியிருக்கிறார். பணமும் போய், ஈமெயிலும் போய், பழைய வாடிக்கையாளர்களின் முகவரிகள் எல்லாம் போயின. உழைத்துச் சேர்த்த ஒரு பெண்ணை, அவள் மொழியிலேயே உறவு கொண்டாடி ஏமாற்றியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வெளியாள் யாராலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. கம்பெனியின் பதில், நீங்கள் லாகின் செய்து பார்க்கும் கணக்குக்குள்ளேயே இருக்கும். ஏற்கெனவே ஐடியோ ஓடிபியோ கொடுத்துவிட்டவர்கள் உடனே பேங்கின் மோசடிப் பிரிவுக்கு போன் செய்யுங்கள். போலீசில் புகார் எழுதி கேஸ் நம்பர் வாங்குங்கள். சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் ‘புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்’ இலவசம். உங்கள் ஐடியை வைத்து வேறு யாராவது கடன் கேட்டால், கடன் கொடுப்பவர்களுக்கு அது எச்சரிக்கை காட்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நம் நாட்டில் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. பேங்க் மூழ்கினால் ஒரு பேங்கில் ஒருவருக்கு 1 லட்சம் ராண்ட் வரை பாதுகாப்பு. வெளிநாட்டு பேமெண்ட் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதே ஆண்டு மார்ச்சில், பேங்க், காப்பீடு போன்றவை பற்றிய புகார்களை விசாரிக்கும் நான்கு ஆம்பட் அமைப்புகள் சேர்ந்து நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் ஆனது. அங்கே புகார் கொடுக்கச் செலவில்லை, ஆனால் அதில் உறுப்பினராக உள்ள நிறுவனங்கள் மீது மட்டும்தான் கொடுக்கலாம். ஆகவே கணக்கு திறக்கும் முன்பே, சண்டை வந்தால் இந்த நாட்டில் யாரிடம் போவது என்று பார்த்துவிடுங்கள்.

என் பணம் ஒருவழியாக விடுவிக்கப்பட்டது. அந்தக் கணக்கை மூடவில்லை, சின்ன ஆர்டர்களுக்கு அது தேவைப்படுகிறது. வாரம் தவறாமல் பணத்தை பேங்குக்கு மாற்றிவிடுகிறேன். குழு ஆர்டர் என்றால் நேராக பேங்குக்கே அனுப்பச் சொல்கிறேன். கட்டணம் கூடுதல்தான், எதற்கு வந்த பணம் என்று பேங்கும் கேட்கும், ஆனால் கேட்கும் ஆள் கவுண்டரில் இருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் இஎஃப்டி (பேங்கிலிருந்து பேங்குக்கு மாற்றுவது) அல்லது பேஷாப்பில் (உடனடியாகப் பணம் போய்ச் சேரும் முறை) கட்டுகிறார்கள்.

நான் கடைசியாக அனுப்பி எடுபட்ட விளக்கக் கடிதமும், பில்களை அடுக்கிய வரிசையும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டு மாதிரியாக வைத்திருக்கிறேன். கணக்கு முடங்கித் தவிக்கிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.