அறாத கயிறு, அதில் பெருமை வேறு

கோபாலபுரத்து நண்பர் ஒருவர் கத்தியவார் இனப் பெண்குதிரை வாங்கியிருக்கிறார். “அண்ணா, உங்க குதிரை கழுத்துல கெடக்குதே பாசிச் சரம், சலங்கை வெச்சது, அது வாங்கலாங்களா? வெலை கொறச்சிருக்காங்களாமே” என்று கேட்டார். போன வாரம்தான் அதை முழுசாகப் பிரித்து மறுபடி கோத்தேன். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சலங்கை அருமை. வாய்க்கால் மேட்டு வளைவுகளில் ஆடு மேய்ப்பவர், சைக்கிளில் வருகிறவர் எல்லாம் நாம் வருவதை முன்னாலேயே கேட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் காட்டுப் பாதையில் சவாரி போகிறவர்கள் கரடி திடீரென எதிர்ப்படாமல் இருக்க இதைக் கட்டுகிறார்கள். வாளையார்க் காட்டு யானைக்கு இது செல்லுமா என்று நான் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

நான் எதிர்பார்க்காதது வேறு. நடையில் நாலு குளம்புத் தட்டு, ட்ராட்டில், அதாவது துள்ளோட்டத்தில், ரெண்டு தட்டு என்று காது பழகிவிடும். ஒரு நாள் ட்ராட்டில் ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு கனமாக விழுந்தது. இறங்கிப் பார்த்தால் முன்னங்கால் குளம்பின் பள்ளத்தில் கருங்கல் சில்லு. வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். மேலே உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அது தெரியும் முன்னே கழுத்துச் சலங்கை சொல்லிவிடுகிறது. இதற்காகவே கொடுத்த காசு சரி.

அப்புறம் அந்தக் கயிறு. கோத்துக் கொடுத்தவர், “யானை இழுத்தாலும் அறாதுங்க” என்றார். உள்ளே ஸ்டீல் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை, பிடரியில் இரும்புக் கொக்கி. குதிரைக் கழுத்தில் போடுவது அற வேண்டிய நேரத்தில் அறணுமய்யா! மாட்டிக்கொண்ட குதிரை நின்று யோசிக்காது, பின்னால் இழுக்கும். பாலக்காட்டுப் பக்கம் தத்தமங்கலத்து ‘அங்காடி வேலை’ திருவிழாவில் குதிரையோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இழுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வேலியோரக் கருவேலங்கொம்பில் சரம் மாட்டியபோது கொம்பு முறிந்ததால் தப்பித்தோம். கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் போய்விட்டது. போன் பண்ணிச் சொன்னால், “பாத்தீங்களா, சரம் அறவே இல்ல!” என்கிறார்.

கம்பியை உருவி எறிந்துவிட்டுப் பருத்தி நூலில் கோத்திருக்கிறேன். கொக்கி இருந்த இடத்தில் மெல்லிய நூல் ஒற்றை முடிச்சு, கையால் வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும். நாலைந்து பாசிக்கு ஒரு முடிச்சும் போட்டிருக்கிறேன், அறுந்தாலும் எல்லாம் வாய்க்காலுக்குள் உருண்டு போகாது. வியர்வை பட்டுப் பித்தளை களிம்பேறுவது பெரிய விஷயமில்லை, புளி போதும்.

விலையை 1,200-லிருந்து 900 ஆக்கியிருப்பது உண்மைதான். பாசியின் நிறம் இன்னும் மங்கவில்லை, கைவேலையும் சுத்தம். ஆனாலும் வாங்காதீர்கள். மாட்டுச் சந்தையில் நல்ல சலங்கையாகத் தட்டிப் பார்த்து எடுத்து, நீங்களே நூலில் கோத்துக்கொள்ளுங்கள். குதிரைக் கழுத்துக் காயம் ஆறின பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.