உப்பு நிலத்துல அடுத்த போகம்: நெல்லா, மாற்றுப் பயிரா, குட்டையா, இறாலா?

கடலோர உப்பு நிலத்துல விளைச்சலை எப்படி ஏத்துறதுன்னு யார் கேட்டாலும் முதல்ல வர்ற பதில் "உப்பு தாங்குற ரகம் போடுங்க"ங்கிறதுதான். தப்பான பதில் கிடையாது, ஆனா அதோட நிறுத்திட்டா மழைக்காலத்துல ஒரு போகம், மீதி மாசமெல்லாம் நிலம் உப்பு பூத்து வெள்ளையா கெடக்கும், இது நிறைய கடலோரத்துல நடக்குறதுதான். அந்த மீதி மாசத்தை என்ன செய்யுறதுன்னுதான் இங்க ஒப்பிட்டுப் பாக்கப் போறேன்.

முதல்ல ரகத்தை முடிச்சிடுவோம். மண்ணுல உப்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு ஈ.சி., அதாவது மின்கடத்தும் திறன், அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரைக்கும் சாதாரண நெல்லு சமாளிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட் ஏறும்போதும் சுமார் 12 சதவீதம் விளைச்சல் போகும், அப்போ 6-ல நின்னா மூணுல ஒரு பங்குக்கு மேல காலி. முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு தாங்கிடும், அடி வாங்குறது நாத்துப் பருவத்துலயும் கதிர் உருவாகி பூக்குற சமயத்துலயும்தான். இப்ப வர்ற நிறைய ரகங்கள்ல சேத்திருக்குற சால்டால்ங்கிற மரபணுப் பகுதி கேரளத்து பொக்காளி நெல்லுல இருந்து எடுத்தது, அது சோடியத்தை கட்டுப்படுத்தி நாத்துப் பருவத்துல காப்பாத்தும், பூக்குறப்ப உப்பு ஏறினா அது மட்டும் போதாது. அதனால ரகத்தோட கொஞ்சம் வயசான நாத்தையும் குத்துக்கு ஒண்ணு ரெண்டு கூடுதலாவும் சேத்து நடணும். இதெல்லாம் மழைக்காலப் போகத்துக்கு நல்ல காப்பு, அவ்வளவுதான்.

இப்ப ரெண்டாவது போகம். நிறைய பேருக்கு ஆசை திரும்பவும் நெல்லுதான், ஏன்னா பழகின பயிரு, தண்ணி நிறுத்தி வெச்சா உப்பு மேல ஏறாதுங்கிற நம்பிக்கையும் உண்டு. அந்த நம்பிக்கை ஓரளவு சரியும்கூட. ஆனா கோடை நெல்லுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல தண்ணி வேணும், அந்த தண்ணி எங்கேருந்து வரும்? ஆத்துல நல்ல தண்ணி கடைசி வரைக்கும் ஓடினா சரி. போர் போட்டு உறிஞ்சினா நாலு பேர் சேந்து உறிஞ்சுறதுலயே கடல் தண்ணி உள்ள வந்துடும், பூக்குற நேரத்துல பாய்ச்சுற தண்ணியே உப்பாயிடும். ஆத்துத் தண்ணி உறுதியா இல்லாத இடத்துல இந்த வழிக்கு நான் ஓட்டு போட மாட்டேன்.

மாற்றுப் பயிருன்னா தண்ணி நெல்லுக்கு வேண்டியதுல மூணுல ஒரு பங்கு போதும். இங்க எல்லாரும் எந்தப் பயிருன்னுதான் யோசிக்கிறாங்க, ஆனா எப்ப விதைக்கிறோம்கிறதுதான் முதல்ல பாக்க வேண்டியது. மழை முடிஞ்ச உடனே மேல்மண்ணுல உப்பு கம்மியா இருக்கும், வெயில் ஏற ஏற கீழ இருக்குற உப்புத் தண்ணி மண் இடுக்கு வழியா மேல ஏறி, தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் தங்கிடும், கோடை உச்சத்துல கட்டி மேல கை வெச்சா வெள்ளைப் பொடி ஒட்டும். அதுக்குள்ள பயிர் வேர் பிடிச்சு பாதி வயசு தாண்டியிருக்கணும். பாசிப்பயறு உப்பு தாங்காது, லேசான நிலத்துக்குத்தான் சரி, சூரியகாந்தியும் பீட்ரூட்டும் பரவாயில்ல, பருத்தி இன்னும் தாங்கும். வங்காளத்து சுந்தரவனத்துப் பக்கம் உழவே இல்லாம அறுத்த வயல் ஈரத்துலயே உருளைக்கிழங்கை வெச்சு மேல கெட்டியா வைக்கோல் மூடாக்கு போடுறாங்க, ஈரம் காயாது, உப்பும் மேல வராது, உழுது காய வைக்கிற நாளும் மிச்சம். உருளை உப்புக்கு பயந்த பயிருதான், அதையே எடுக்க முடியுதுன்னா அந்த வைக்கோலோட வேலை எவ்வளவுன்னு பாருங்க. இதுக்கு முதல் போக நெல்லு சீக்கிரம் வெளிய வரணும், அதனால நீண்ட வயசு ரகத்தை விட்டுட்டு மத்திய வயசு ரகத்துக்கு மாறணும், வயல் தண்ணி வடியணும். வடிகால் தூர்ந்து போய் அறுப்புக்கு அப்புறமும் வாரக்கணக்குல சேறா நின்னா எந்த ரகமும் உதவாது.

குட்டை வெட்டுறது பத்தி கொஞ்சம் கணக்கா பேசுவோம். நிலத்துல அஞ்சுல ஒரு பங்குல 3 மீட்டர் ஆழத்துக்கு குட்டை வெட்டி, அந்த மண்ணை மீதி நிலத்துல போட்டு மேடாக்குறது சுந்தரவனத்துல நல்லா பரவின முறை. ஒரு ஏக்கர்ல 20 சென்ட் குட்டைன்னா கரைச்சரிவு போக சுமார் 17 லட்சம் லிட்டர் நிக்கும். இதை வெச்சு 40 சென்ட்ல கோடை நெல்லு போட்டா அதுக்கே 16 லட்சம் லிட்டர் ஆயிடும், ஆவியாகுறதும் கசியுறதும் போக பத்தவே பத்தாது. அதே 40 சென்ட்ல காய்கறியோ சூரியகாந்தியோ போட்டா தாராளம், மீனும் வளக்கலாம். மேடாக்கின இடத்துல மழைக்காலத்துலயும் தண்ணி நிக்காது, அங்க அப்பவே காய்கறி போடலாம், இது இந்த வழிக்கு கிடைக்கிற பெரிய லாபம். வெட்டும்போது மேல்மண்ணை தனியா ஒதுக்கி வெச்சு கடைசில மேல பரப்பணும். கடலோர சதுப்புல அடிமண்ணுல கந்தகம் இருந்தா காத்து பட்டதும் அமிலமாயிடும், அதை மேல கொட்டினா புல்லுகூட முளைக்காது, வெட்டுறதுக்கு முன்னாடி ஆழத்து மண்ணை சோதிக்காம மிஷின் இறக்கவே கூடாது. குட்டையை அடி வரைக்கும் இறைக்கவும் கூடாது, மட்டம் ரொம்ப இறங்கினா பக்கத்து உப்புத் தண்ணி உள்ள கசியும்.

கடல் ஏத்தத்துல ஓதத் தண்ணி வர்றதை தடுக்கவே முடியாத தாழ்வான நிலம்னா கணக்கே வேற. எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் பக்கம் பொக்காளி வயல்ல மழைக்கு முன்னாடி மண்ணை மேடு மேடா குவிச்சு வெச்சிடுவாங்க, மழை அந்த மேட்டுல இருக்குற உப்பை கழுவி இறக்கும், முளைகட்டின விதையை அது மேல போட்டு, நாத்து ஒரு மாசம் ஆனதும் மேட்டை வெட்டி நாத்தோட சேத்து வயல்ல பரப்புவாங்க. அறுக்குறப்ப கதிரை மட்டும் அறுத்துட்டு தாளை தண்ணிலயே விட்டுடுவாங்க, அது மக்கி அடுத்து வர்ற இறாலுக்கு இரையாகும், இறால் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். வியட்நாம் மேகாங் டெல்டாவுலயும் கோடைல இறால், மழைல நெல்லுன்னு மாத்தி மாத்தி வளக்குறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இது, ஆனா ரெண்டு இடத்துல உடையும். மழை தள்ளிப் போனா உப்பு கழுவாம நெல்லு போயிடும். இன்னொண்ணு, இறால்ல காசு பாத்தவங்க நெல்லை கைவிட்டு வருஷம் பூரா உப்புத் தண்ணிய நிறுத்த ஆரம்பிச்சா வரப்புல கசிஞ்சு பக்கத்து வயல்காரர் நெல்லும் போகும், அவருக்கு வேற வழியே இருக்காது. மதகை என்னைக்கு திறக்குறது, என்னைக்கு மூடுறதுன்னு வயல் தொகுதில எல்லாரும் ஒத்துக்காம இதை ஒருத்தர் மட்டும் தனியா ஆரம்பிக்கவே கூடாது.

ஜிப்சம் போட்டா எல்லாம் தீரும்னும் சொல்றாங்க, சோடியம் மிஞ்சின களர் மண்ணுக்குத்தான் அது மருந்து, வெறும் உப்பு மட்டும் மிஞ்சின உவர் மண்ணுக்கு நல்ல தண்ணிய நிறுத்தி வடிக்கிறதுதான் வேலை.

பள்ளத்துல இருக்குற சின்ன நிலத்துக்காரர் என்கிட்ட கேட்டா முதல் வருஷம் வடிகாலும் மத்திய வயசு உப்பு தாங்குற ரகமும், அறுத்த ஈரத்துலயே ஒரு கால் ஏக்கர்ல மட்டும் வைக்கோல் மூடாக்கு போட்ட மாற்றுப் பயிரும் போடுங்கன்னுதான் சொல்லுவேன், குட்டைக்கு கை வைக்கிறது அதுக்கப்புறம், கோடை முழுக்க மாசம் ஒரு தடவை மேல்மண்ணோட ஈ.சி.யையும் பக்கத்து கிணத்துத் தண்ணியோட ஈ.சி.யையும் எழுதி வெச்சுக்கிட்டு.