பள்ளிக்கரணை சதுப்பு நிலம்: விடியக்காலைல போங்க, ஒரே இடத்துல நில்லுங்க

சென்னை வேளச்சேரில 11 வருஷமா குடியிருக்கேன், பள்ளிக்கரணைன்னாலே பெருங்குடி குப்பைமேடும் அந்த நாத்தமும்தான் ஞாபகம் வரும், போன ஞாயித்துக்கிழமைதான் அக்கா பையன் கேட்டானேன்னு ரேடியல் ரோட்டுப் பக்கம் இருக்கற ஈகோ பார்க்குக்கு கூட்டிட்டுப் போனேன். இத்தனை வருஷம் போகாம விட்டுட்டேனேன்னு நெஜமாவே வருத்தமா இருக்கு.

மொதல்ல சும்மா நடந்துக்கிட்டே இருந்தோம், தூரத்துல பறவைங்க வெள்ளை வெள்ளையா புள்ளியாத்தான் தெரிஞ்சுது. அங்க கேமராவோட நின்ன பெரியவர் ஒருத்தர், "தம்பி நடக்காதீங்க, ஒரு இடத்துல நில்லுங்க, அதுங்களே வரும்"னார். நின்னோம். பத்து நிமிஷத்துல சம்புப் புல்லுக்குள்ளருந்து நீலத் தாழைக்கோழி ஒண்ணு வந்துச்சு பாருங்க, நம்ம வீட்டுக் கோழி சைஸ், உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும், அலகும் நெத்தியும் செக்கச்செவேல்னு. ஒரு தண்டைப் புடுங்கி, நாம கரும்பு புடிக்கற மாதிரி கால் விரலால புடிச்சுக்கிட்டு, உரிச்சு உரிச்சு குருத்தை மட்டும் தின்னுச்சு, பையன் மூச்சுகூட விடல.

நத்தைகுத்தி நாரையும் நெறைய இருந்துச்சு. "மாமா, அதுக்கு வாயே சரியா மூடல"ன்னான். அந்த இடைவெளி குஞ்சுக்கு இருக்காது, வளர்ந்தப்புறம்தான் வரும், நத்தை ஓட்டை நொறுக்காமலே உள்ள இருக்கற சதையை உருவிடும்னு அந்தப் பெரியவர்தான் சொல்லிக்குடுத்தார்.

ஒரே குறை, கூட வர்ற ஜனங்கதான். ஒரு குடும்பம் போன்ல சத்தமா பாட்டு போட்டுட்டு வந்தாங்க, தாழைக்கோழி புல்லுக்குள்ள போனது திரும்பி வரவே இல்ல. தயவுசெஞ்சு போனை சைலன்ட்ல போடுங்க, சிப்ஸ் கவரை பையிலேயே வச்சுக்கோங்க. 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சார் அங்கீகாரம் கெடச்ச எடம்ங்க இது, 1,247 ஹெக்டேர். தென்சென்னை ஏரிங்க நெறைய நிரம்பி வழியற தண்ணி இங்க வந்து தங்கித்தான் ஒக்கியம் மடுவுங்கற கால்வாய் வழியா வெளிய போவுது, இதையும் மண்ணு கொட்டி மேடாக்கிட்டா மழைத்தண்ணி நம்ம வீட்டுக்குள்ளதான் வரும்.

போறவங்க நவம்பர்லருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, வெளியூர்லருந்து வலசை வர்ற பறவைங்களும் சேந்து கெடைக்கும். பைனாகுலர் யார்கிட்டயாவது கடன் வாங்கியாவது எடுத்துட்டுப் போங்க. பாதையை விட்டு புல்லுக்குள்ள எறங்கவே எறங்காதீங்க, கண்ணாடி விரியன் இருக்கற எடம். காத்து குப்பைமேட்டுப் பக்கமிருந்து வீசினா நாத்தம் வரும், கொஞ்ச நேரத்துல பழகிடுது. பூநாரை (ஃபிளமிங்கோ) வர்றதுக்கு தண்ணி வத்தி கணுக்கால் அளவுக்கு வரணுமாம், அதுக்காக இன்னொரு தடவை போறோம், இந்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு.