பெரம்பூரில் திராமிசுப் பொருள்கள்

பெரம்பூரில் கேக் செய்வதற்கான பொருள்களை விற்கும் ஒரு கடையில், காபியில் நனைத்த பிஸ்கட்டையும் க்ரீமையும் அடுக்கிச் செய்யும் திராமிசு என்ற இனிப்புக்குத் தேவையான மஸ்கார்போனே என்ற மென்மையான க்ரீம் சீஸ், சவோயார்டி பிஸ்கட், கோக்கோ தூள் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இத்தாலியின் திரெவிசோ நகரோடு சேர்த்துப் பேசப்படும் இந்த இனிப்புக்கு பிஸ்கட்தான் உயிர். மேலே சர்க்கரை ஒட்டிய அந்த நீள பிஸ்கட்டுகள், ஆறிய காபி டிகாஷனில் ஓரிரு நொடி புரட்டி எடுத்தால் குழைந்துவிடுவதில்லை. இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வெட்டும்போது அடுக்குகள் சரியாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. டிகாஷனுக்குச் சிக்கரி கலக்காத தூளே ஏற்றது, ஏனெனில் சிக்கரியின் கசப்பு மஸ்கார்போனேயின் மென்மையை அமுக்கிவிடும்.

எனக்குக் கொடுத்த மஸ்கார்போனே டப்பாவில் நீர் பிரிந்திருந்தது. கேட்டதும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், இந்த வெயிலில் ஐஸ் வைக்காமல் கொடுத்தனுப்புவது சரியல்ல. கொடுங்கையூர், வியாசர்பாடிப் பக்கம் எடுத்துச் செல்பவர்கள் ஐஸ் வைத்த பையோடு போவது நல்லது.