கையடக்க விஎச்எஃப் செட்: பாம்பன் நாட்டுப்படகில் வைத்துப் பார்த்த மதிப்புரை

பாம்பன் வடகடலில் தொழில் செய்யும் நாட்டுப்படகுக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, படகுக்குப் படகு பேச உதவும் கடல் வானொலியான ஐந்து வாட் கையடக்க விஎச்எஃப் செட் ஒன்று வாங்கலாமா, கைப்பேசியே போதுமா என்பதுதான். கரையை விட்டுச் சில கடல் மைல் போனதும் கைப்பேசி சிக்னல் அறுந்துவிடுவதால், வாங்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சொன்ன சொல் எதிர்ப்படகின் காதில் பிசகாமல் விழுவதற்கு அந்தச் செட் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் படகில் இருக்கும் செட்டை அந்தக் கண்ணோடுதான் இங்கே மதிப்பிடுகிறேன்.

தூரத்தில் குறையில்லை. படகில் நின்றபடி பேசினால் நான்கைந்து கடல் மைல் வரை மற்றப் படகுகளுக்குக் கேட்கிறது. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கிறது. அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது, ஈரக் கையாலும் அதை அழுத்த முடிகிறது.

குறை தொடங்குவது பேசும் பொத்தானில். அதை அழுத்தியவுடன் வாய் திறந்தால் முதல் ஓரிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்வதில்லை. “நிமிஷம் எத்தனை மச்சான்?” என்று ஜிபிஎஸ் புள்ளியின் அட்சரேகை நிமிடத்தைக் கேட்டவருக்கு, “பதினெட்டு” என்று சொன்ன பதில் “எட்டு” என்று விழுகிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல் ஆகையால், வடகடலில் நிற்கும் படகைப் பத்துக் கடல் மைல் தள்ளித் தென்கடலில் போய்த் தேட வேண்டியிருக்கும். அழுத்தி, ஒரு கணம் பொறுத்து, “ஒன்று, எட்டு” என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்; கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் பேசிக்கொள்ளும் முறை இதுதான். உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளத்து விமானங்கள் நம் தலைக்கு மேல் பறப்பதைத் தினமும் பார்க்கும் நாம், அந்த ஒழுங்கைப் படகுக்கும் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கு உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்குள், கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கிய வேளையில், காத்திருக்கச் சொன்ன கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்ன பான் ஆம் விமானியின் குரலும் ஒரே அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கீச்சொலி கலந்து தெளிவிழந்தன. விமான வானொலி ஏஎம் முறையில் இயங்குவதால் அந்தக் கீச்சொலியாவது கேட்டது. நம் கடல் வானொலி எஃப்எம் முறை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்த சிக்னல் மெலிந்ததை அடியோடு விழுங்கிவிடும். பக்கத்துப் படகு மீன் விலை பேசிக்கொண்டிருந்தால், எட்டத்தில் எஞ்சின் நின்றுபோன படகு கூப்பிட்ட தடமே தெரியாது. கடைசியாக வந்த அழைப்பை மறுபடி கேட்கும் வசதி இந்தச் செட்டில் இருக்கிறது, அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்; ஆனால் விழுங்கப்பட்ட குரலை அதனாலும் மீட்க முடியாது. கூப்பிட்டவருக்குப் பதில் வராவிட்டால் அவர் மறுபடி கூப்பிடுவது ஒன்றே வழி.

ஒலிபெருக்கி எனக்குத் திருப்தியாக இல்லை. டீசல் எஞ்சின் ஓடும்போது செட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே கேட்கிறது, சுக்கான் பிடிப்பவருக்குக் கேட்பதில்லை. இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதில் தரையோடு பேசியவர் வானொலி இயக்குநர், ஓட்டியவர் வேறொருவர். படகிலும் கேட்பவர் ஒருவர், திருப்புபவர் ஒருவராக இருப்பதால், வயரில் தொங்கும் ஒலிபெருக்கி மைக்கைத் தனியாக வாங்கிச் சுக்கான் பக்கம் மாட்டினோம். அதன் பிறகு இருவரும் ஒன்றாகக் கேட்கிறார்கள், பதிலைச் சுக்கான் பிடிப்பவரே திருப்பிச் சொல்கிறார்.

வாங்கிய கடையில் சேனல் மாற்றவும் சார்ஜ் போடவும் காட்டிக் கொடுத்தார்கள், பேசும் முறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கையேடும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. விற்பவர்கள் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பேட்டரி இரவுத் தொழிலுக்கு விடியும்வரை தாங்குகிறது. மைக்கும் 12 வோல்ட் சார்ஜரும் சேர்த்தால் செலவு கூடும். அப்படியும் நாட்டுப்படகுக்கும் வல்லத்துக்கும் இதை வாங்கச் சொல்வேன். விசைப்படகு வைத்திருப்பவர்கள் இதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆன்டெனாவை உயரத்தில் கட்டிய 25 வாட் நிலைச் செட்டையே முதன்மையாகப் பொருத்த வேண்டும்.