ஆகஸ்ட் 15 கியூஆர் வேட்டை: மூன்று வருடம் நடத்திய பிறகு

சுவர்களில் கியூஆர் கோடுகளை ஒட்டிவைத்து, பிள்ளைகள் போனில் ஸ்கேன் செய்து கேள்விகளுக்கு விடை தேடும் விளையாட்டு இது. ஏழாம் வகுப்புக்குச் சுதந்திர தின வேட்டை நடத்தப்போகும் ஓர் ஆசிரியை கேட்டது இதுதான்: "எந்த வெப்சைட்ல கோடு போடலாம் சார்?" இந்த விளையாட்டின் தலைவலி முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இலவசம் என்று கூப்பிடும் பல தளங்கள் தரும் கோட்டுக்குள் உங்கள் கேள்வி இருக்காது, அந்தத் தளத்தின் குட்டி லிங்க்தான் இருக்கும். இலவசக் காலம் முடிந்தால் லிங்க் செத்துவிடும். ஜூலையில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்ட அட்டை, ஆகஸ்ட் 14 ஒத்திகையில் "பணம் கட்டவும்" என்று காட்டும். இதை முன்கூட்டியே சொல்லாமல் இலவசம் என்று கூப்பிடுவது ஏமாற்று வேலை. ஆகவே கோடு கைக்கு வந்ததும் முதலில் ஸ்கேன் செய்து பாருங்கள். கேள்வியே எழுத்தாக வந்தால் அது என்றைக்கும் நிற்கும். தெரியாத லிங்க் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, கேள்வியையே உள்ளே வைத்தால்? தமிழுக்கு அங்கே ஒரு கூடுதல் சுமை உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் எழுத்து, கால், கொம்பு, புள்ளி என ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'மயில்' மட்டுமே 15. "இந்திய தேசியக் கொடியின் சக்கரத்தில் எத்தனை ஆரங்கள்?" என்ற கேள்வி 141 பைட். கோட்டில் கொஞ்சம் அழிந்தாலும் படிக்கவைக்கும் வசதிக்குப் பிழைதிருத்தம் என்று பெயர், அதில் எம் நடுத்தரம், எச் மிக உயர்ந்தது. எம் நிலையில் 49-க்கு 49 கட்டம், எச் நிலையில் 65-க்கு 65. எச் நிலைக் கோட்டை நாலு சென்டிமீட்டரில் அச்சடித்தால் ஒரு கட்டம் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது, பழைய போன் திணறும். எம் நிலையே போதும். கோடு ஆறு சென்டிமீட்டர் இருக்கட்டும், சுற்றிலும் நாலு கட்ட அளவு வெள்ளை விடுங்கள். மூவர்ணத்தில் கோடு போடும் ஆசை வேண்டாம், வெள்ளைத் தாளில் காவிக் கட்டத்தைக் கேமரா சரியாகப் பிரித்துப் பார்க்காது. பளபள லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டாதீர்கள்.

ஆறு டீம், ஆறு கோடு, டீமுக்கு ஒரு போன். எல்லோரையும் முதல் கோட்டிலேயே நிறுத்தினால் தள்ளுமுள்ளுதான். டீம் எண்ணும் தொடங்கும் கோடும் ஒன்றாக இருக்கட்டும், அங்கிருந்து வட்டமாகச் சுற்றட்டும்.

இதில் எதிர்பாராமல் பிடித்துப்போனது, கடைசியில் திறக்க வேண்டிய பெட்டிக்குப் போட்ட மூன்று இலக்க எண் பூட்டு. ஆறு கேள்விக்கும் பதில் எண்ணாகவே இருக்க வேண்டும். சக்கரத்தின் ஆரங்கள் 24. தேசிய கீதம் முழுதாகப் பாட ஏறக்குறைய 52 நொடி. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இன்று 22 மொழிகள். ரூபாய் நோட்டின் பின்பக்க மொழிப் பட்டையில் 15. 1949 நவம்பர் 26 அன்று ஏற்ற அரசியலமைப்பில் 8 அட்டவணைகள். சாரநாத் தூணில் 4 சிங்கங்கள். கூட்டினால் 125, பெட்டி திறக்கும்.

தப்பான கூட்டுத்தொகையே எங்கே சறுக்கினார்கள் என்று காட்டிக்கொடுக்கும். 124 என்றால் நாணயத்தில் தெரிகிற மூன்று சிங்கத்தோடு நின்றுவிட்டார்கள். 127 என்றால் நோட்டில் இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். 129 என்றால் இன்றுள்ள 12 அட்டவணைகளைப் போட்டுவிட்டார்கள். 117 என்றால் தொடக்கத்தில் இருந்த 14 மொழிகளை எழுதிவிட்டார்கள். "பூட்டு ரிப்பேர் சார்" என்று வரும் டீமை, தொகையைக் கேட்டதும் சரியான கேள்விக்கே திருப்பி அனுப்பலாம். நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, விரலை வரிவரியாக நகர்த்தி, பதின்மூன்றாவது வரியில் தமிழைப் பார்த்ததும் பிள்ளைகள் போடும் சத்தத்துக்காகவே அந்தக் கேள்வியை மாற்றக் கூடாது.

தேசிய விளையாட்டு எது என்று மட்டும் கேட்காதீர்கள். ஹாக்கி என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள், ஆனால் அப்படி எந்த விளையாட்டையும் அரசு அறிவித்ததில்லை.

சரியாக அச்சடித்த கோடு நன்றாகவே வேலை செய்கிறது, அதில் குறையில்லை. ஆனாலும் விளையாட்டின் சுவை பூட்டில்தான் என்பதால் ஆசிரியைக்குச் சொன்ன பதில்: பூட்டை வாங்குங்கள், கேள்வியைச் சீட்டில் எழுதி மடித்து ஒட்டுங்கள், இந்த வருடம் கோடே வேண்டாம்.