கெய்ர்ன்ஸ் டூர் என்று 2,860 டாலரைப் பறிகொடுத்தோம், தயவுசெய்து படியுங்கள்

சிட்னி திரும்பி நான்கு நாள் ஆகிறது. இன்னும் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. விடுமுறைக்குக் குயின்ஸ்லாந்து வடக்குப் பக்கம் போகத் திட்டமிட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா கும்பகோணம் பக்கம் 31 வருடம் விலங்கியல் வாத்தியார். முட்டையிடும் பாலூட்டி என்று பிளாட்டிபஸ் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்கள். வந்த முதல் வாரமே, "பாப்பா, அந்தப் பிளாட்டிபஸ்ஸ ஒரு தடவ தண்ணியில பாத்துட்டா போதும்"னு கேட்டார். ஓப்பரா ஹவுஸைக் காட்டியபோதுகூட இவ்வளவு ஆசை அவர் முகத்தில் இல்லை.

அதனால்தான் ஜூலை பள்ளி விடுமுறைக்குக் கெய்ர்ன்ஸ். நம் மக்களுக்கென்றே சுற்றுலா ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் ஒரு சமூக வலைதளப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள், ஐந்து பேர், தங்குமிடம் நம் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர்கள். முதல் நாள் மாஸ்மன் கார்ஜ், அங்கே கூகு யலாஞ்சி பழங்குடி மக்கள் அழைத்துப் போகும் காட்டு நடை, அப்புறம் டெயின்ட்ரீ ஆற்றில் முதலை பார்க்கும் படகு. இரண்டாம் நாள் ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்து கேப் டிரிபியுலேஷன், பறக்காத பெரிய பறவையான காசோவரி தேடல். மூன்றாம் நாள் அதர்ட்டன் மேட்டுநிலம், கிரானைட் கார்ஜில் பாறை வாலபிகள் (குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும்), பொழுது சாயும் நேரம் யுங்கபுராவில் பிளாட்டிபஸ். மொத்தம் 2,860 டாலர்.

விலை மலிவு என்று நான் விழவில்லை. போனில் அந்த ஆள் பேசிய விதத்தில்தான் விழுந்தேன். "நம்ம ஊரு எது அக்கா?" என்று கேட்டான். சொன்னதும், "அட, நான் மன்னார்குடிக்கா! அப்பா அம்மாவ எங்க அப்பா அம்மா மாதிரி பாத்துக்கிறேன். படகுல அப்பாவ முன் சீட்ல உக்கார வைக்கிறேன். மத்தியானத்துக்குத் தயிர் சாதம் கட்டிடலாம்" என்றான். தயிர் சாதம் என்றதும் பக்கத்தில் இருந்த அம்மா தலையாட்டினாள். அந்த இடத்திலேயே நான் நம்பிவிட்டேன். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் வரும், நேரே அக்கவுண்டுக்கு அனுப்பிடுங்க என்றான். அன்றிரவே 2,860 டாலரையும் முழுதாக அனுப்பினேன். முன்பணம் மட்டும் தருகிறேன் என்று சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை?

முதல் நாள் காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் நின்றோம். அப்பா கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. எட்டு ஆனது. ஒன்பதரைக்குப் போனை எடுத்தான். "அக்கா, டெயின்ட்ரீ பக்கம் வெள்ளம், ரோட்ட மூடிட்டாங்க." ஜூலையில் வெள்ளமா? அங்கே பெருமழை கொட்டுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. ஜூலை நல்ல உலர் காலம், அதனால்தானே எல்லாரும் அப்போது போகிறார்கள்! குளிர் காலத்தில்தான் செம்மூக்கு முதலைகள் வெயில் காயக் கரையேறிப் படுத்திருக்கும் என்று அப்பா முந்தின இரவுதான் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாநில அரசின் சாலை நிலவரத் தளத்தைத் திறந்து பார்த்தேன். சாலை திறந்தே இருந்தது. அதைச் சொன்னதும், "அது அப்டேட் ஆகியிருக்காதுக்கா, நாளைக்குச் சேத்துப் பாத்துக்கலாம்" என்றான்.

மறுநாள் ஒரு கார் வந்தது. ஐந்து பேருக்கு என்று சொல்லி வாங்கிய காசுக்கு டிரைவருக்குப் பின்னால் மூன்று பேர், பக்கத்தில் ஒருவர் உட்காரும் கார். என் வீட்டுக்காரர் விடுதியிலேயே நின்றுவிட்டார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் திட்டமும் தெரியாது. மாஸ்மன் கார்ஜ் மையத்தில் இறக்கிவிட மட்டும்தான் சொன்னார்கள் என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே கேட்டால் என் பெயரில் எந்த நடைக்கும் பதிவு இல்லை. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டாள். மையத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு ஷட்டில் பஸ்தான், அதற்கும் தனியாக டிக்கெட் எடுத்தோம். படகுக்காரர்களுக்குப் போன் செய்தேன், அங்கேயும் பதிவு இல்லை.

உள்ளே போனதும் அந்த இடம் எவ்வளவு அழகு தெரியுமா? யானை படுத்திருப்பது போல் கருங்கல் பாறைகள், நடுவே கண்ணாடித் தண்ணீர், தலைக்கு மேல் வெளிச்சம் சொட்டும் காடு. அப்பா ஒரு பாறை ஓரத்தில் உட்கார்ந்து, காசோவரியில் ஆண் பறவைதான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும் என்று என் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று அந்த ஆளின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். சிக்னல் வரவில்லை. திரும்பி வர டாக்சிக்குக் கொடுத்த தண்டத்தை 2,860 டாலரில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் யாருமே வரவில்லை. விடுமுறைக் கூட்டத்தில் வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்பா பைனாகுலரை உறையில் போட்டு, "விடும்மா, படத்துலதான் பாத்திருக்கோமே" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்த பிறகு முதலில், "ரீஃபண்ட் பிராசஸ்ல இருக்குக்கா." அடுத்த நாள், "மேனேஜர் லீவு." அதற்கடுத்த நாள், "நீங்க ஒரு நாள் போயிட்டு வந்துட்டீங்கல்ல, முழுசா எப்படித் தர முடியும்?" இப்போது அந்தப் பக்கத்தில் நான் போட்ட கருத்தும் இல்லை, என்னையும் பிளாக் செய்துவிட்டார்கள். வங்கியில், நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம், திரும்பக் கேட்டுப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். மோசடிப் புகார்களுக்கான அரசுத் தளமான ஸ்கேம்வாட்சில் பதிந்திருக்கிறேன். 2,860 டாலர்! நம்ம காசுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்று கணக்குப் போட்டுவிட்டு அம்மா பேசாமல் இருக்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. நேரடி வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம், கார்டில் கட்டுங்கள், சண்டை போட வழியாவது இருக்கும். ஏபிஎன் என்கிற ஆஸ்திரேலிய வணிகப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அரசுத் தளத்தில் சரிபாருங்கள், இலவசம்தான். படகு, நடை எதுவானாலும் நடத்துபவர்களுக்கே போன் போட்டு உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். தமிழில் பேசினான் என்பதற்காக நம்பாதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு 18ஆம் தேதி சென்னைக்கு டிக்கெட். இன்று காலை வீட்டுக்காரர் போனிலிருந்து அந்த ஆளைக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் கட் செய்துவிட்டான்.